திருகோணமலையில் குதிரைப் பராமரிப்பு: மாரிக்கும் கச்சானுக்கும் ஏற்ற வழிமுறை

குதிரையின் மயிரையும் தோலையும் பருவத்துக்குப் பருவம் எவ்வாறு பேணுவது என்று தேடுகிறவருக்குக் கிடைக்கும் நூல்களும் காணொளிகளும் பெரும்பாலும் குளிர்நாடுகளில் உருவானவை. குளிர்காலத்துக்கென அடர்ந்து வளரும் மயிரும், பகல் நீளத் தொடங்கியதும் கொத்துக் கொத்தாக அது உதிர்வதும் அவற்றில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அந்த மாற்றத்தை நடத்துவது குளிரைவிடப் பகலின் நீளமே ஆகும். கண்ணில் படும் ஒளியின் கால அளவுக்கேற்ப மூளையில் மெலடோனின் சுரப்பது கூடிக் குறைய, அதைத் தொடர்ந்து மற்ற ஹோர்மோன்களும் மாறி, மயிர் வளரவோ உதிரவோ செய்கிறது. லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேறுபாடு உண்டு. வட அகலாங்கு எட்டரைப் பாகையளவில் கிடக்கும் திருகோணமலையிலோ அந்த வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரந்தான். ஆகவே இங்கு மயிர் மாற்றம் மெல்லியதாகவே நிகழும். நம் ஊரில் பருவம் மாறுவது குதிரையின் மயிரில் அல்ல, தோலிலும் குளம்பிலுமே தெரியும். மழையும் சேறும், பின்னர் பனியும், அதன் பின் உலர்ந்த கச்சான் காற்றும் வியர்வையும் அடுத்தடுத்துத் தாக்குவது அவற்றைத்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இவ்வூரில் பலருக்குக் குதிரையென்றதும் திருவிழாவில் வீதி உலா வரும் மரவாகனமே நினைவுக்கு வரும். மாடு வளர்த்த அனுபவமோ ஊரெங்கும் இருக்கிறது. எனவே புதிதாகக் குதிரை வளர்க்கத் தொடங்குகிறவருக்கு அயலிலிருந்து வரும் அறிவுரையில் பெரும்பகுதி மாட்டுக்குரியதாகவே இருக்கும். அதில் பயனுள்ளவை சில உள்ளன. குதிரையைக் கொல்லக்கூடியவையும் உள்ளன. அவற்றை உரிய இடத்தில் குறிப்பிடுகிறேன்.

கருவிகள்

அதிகம் தேவையில்லை. பற்கள் குட்டையான, வளைந்து கொடுக்கும் இறப்பர் தேய்ப்பான் ஒன்று, விறைப்பான நார்கொண்ட பிரஷ் ஒன்று, மென்மையான பிரஷ் ஒன்று, குளம்பைத் துப்புரவாக்கும் கொக்கி ஒன்று, உடலிலிருந்து நீரை வழித்தெடுக்கும் வளைந்த தகடு ஒன்று, வெவ்வேறு நிறத்தில் இரண்டு ஸ்பொஞ்ச்கள், சில பழைய துவாய்கள், இரண்டு வாளிகள் ஆகியவை போதும். தென்னந்தும்பினால் செய்த பிரஷ் சேற்றுக்கு நன்றாக உதவும். ஆனால் முகத்திலும் வயிற்றின் அடியிலும் அதைப் பயன்படுத்தக்கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட குதிரைகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொகுதியை வைத்திருங்கள். செலவு என்று எண்ணிப் பொதுவாக ஒரே பிரஷைப் பயன்படுத்துகிறவர் மாரிகாலத்தில் அந்தச் செலவைவிட அதிகமாக மருந்துக்குக் கொடுப்பார்.

நாள்தோறும் செய்யும் முறை

முதலில் குதிரையைக் கட்ட வேண்டும். அதன் தோள் உயரத்தில், ஒரே இழுப்பில் அவிழக்கூடிய சுருக்குப் போட்டுக் கட்டுங்கள். கயிறு காலில் சிக்குமளவுக்கு நீளமாக இருக்கக்கூடாது. குதிரை வெருண்டு பின்னால் இழுக்கும்போது அவிழாத முடிச்சு அதன் கழுத்துக்கும் உங்கள் விரல்களுக்கும் ஒருசேரத் தீங்கு விளைக்கும். எப்போதும் தோளுக்குப் பக்கத்தில் நின்று தொடங்கி, ஒரு கையை அதன் உடலிலேயே வைத்தபடி நகருங்கள். பின்னங்கால்களுக்கு நேர்பின்னால் நிற்க வேண்டாம்.

குளம்பிலிருந்து தொடங்குவது என் வழக்கம். பொறுமை இருக்கும்போதே கடினமான வேலையை முடித்துவிடலாம். தோளிலிருந்து கையைக் கீழே வழித்துக்கொண்டு சென்று கணுக்காலை மெல்ல அழுத்தினால், பழகிய குதிரை தானாகவே காலைத் தூக்கும். கொக்கியைக் குதிப்பக்கத்திலிருந்து நுனிப்பக்கமாகவே இழுக்க வேண்டும். அடிக்குளம்பின் நடுவே முக்கோண வடிவில் மெத்தென்று ஒரு பகுதி இருக்கும். அதன் இருபுறத்துப் பள்ளங்களிலும் நடுப்பிளவிலும் அடைந்திருப்பதை முழுமையாக எடுத்துவிடுங்கள். எடுத்ததை முகர்ந்து பார்க்கவும் தயங்க வேண்டாம். நலமான குளம்பில் மண்ணின் வாடைதான் வரும். அழுகல் நாற்றத்தோடு கரிய கசிவு ஒட்டியிருந்தால் குளம்பழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்து இறப்பர் தேய்ப்பான். கழுத்து, தோள், முதுகு, தொடை போன்ற சதைப்பற்றான இடங்களில் வட்டவட்டமாக அழுத்தித் தேய்த்தால், உதிர்ந்த மயிரும் பொடுகும் புழுதியும் மேலே வரும். முழங்காலுக்குக் கீழும் முகத்திலும் எலும்பு தோலுக்கு நேர் அடியில் இருப்பதால் அங்கு இதைப் பயன்படுத்தக்கூடாது. மேலே வந்த அழுக்கை விறைப்பான பிரஷினால், மயிர் படிந்திருக்கும் திசையில் குறுகிய வீச்சுகளாகத் தட்டி வெளியேற்றுங்கள். பின்னர் மென்பிரஷினால் நீளமாக இழுத்து, சில இழுப்புகளுக்கு ஒருமுறை அந்தப் பிரஷை இறப்பர் தேய்ப்பானில் உரசிச் சுத்தப்படுத்திக்கொள்ளுங்கள். தோலிலிருந்து சுரக்கும் எண்ணெய் மயிர் முழுதும் பரவுவது இந்தக் கடைசி இழுப்புகளால்தான். மழைநீர் மயிருக்குள் எளிதில் இறங்காமல் காப்பது அந்த எண்ணெய். அடிக்கடி ஷம்பு போட்டுக் கழுவுகிறவர் அந்தப் பாதுகாப்பைத் தம் கையாலேயே அகற்றுகிறார். வெறும் நீரில் கழுவுவதே பெரும்பாலான நாட்களுக்குப் போதும்.

கண்ணையும் மூக்கையும் ஒரு ஸ்பொஞ்சினாலும், வாலின் அடியையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் மற்றதினாலும் துடையுங்கள்; இரண்டையும் மாற்றிவிடாமல் இருக்கத்தான் வெவ்வேறு நிறம். வாலையும் பிடரியையும் முதலில் விரல்களால் பிரித்து, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். தேங்காயெண்ணெய் ஒரு சில துளிகள் உதவும். தாராளமாகத் தடவினால் கோடையில் புழுதி முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் நீண்டிருக்கும் தடித்த மயிர்களை அழகுக்காக வெட்ட வேண்டாம். கண்ணால் பார்க்க முடியாத, வாய்க்கு நேர் முன்னால் உள்ள பொருளைக் குதிரை அவற்றினால்தான் உணர்கிறது. சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனமும் அவற்றை மழித்த குதிரைகளைப் போட்டியில் சேர்ப்பதை 2021 முதல் தடைசெய்துவிட்டது.

ஐப்பசிக்கு முன்

திருகோணமலையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி வரையில் விழுகிறது. நவம்பரிலும் டிசம்பரிலும் மாதச் சராசரி 300 மில்லிமீற்றரைத் தாண்டும். புரட்டாசியில் இடி முழங்கத் தொடங்கும்போதே ஆயத்தம் முடிந்திருக்க வேண்டும். இந்த நேரத்தில் மூன்று வேலைகள் உண்டு. குளம்பைச் சீவுகிறவரை அழைத்துச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். இந்த வேலை ஆண்டு முழுவதும் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை தேவை என்றாலும், வெடித்த குளம்போடு மாரிக்குள் நுழைவது சேற்றைக் குளம்புக்குள் அழைப்பதற்கு ஒப்பாகும். கால்நடை வைத்தியரிடம் ஏற்புவலித் தடுப்பூசியைப் பற்றிக் கேளுங்கள். வெள்ளத்தில் அடித்து வரும் ஆணியும் தகரமும் குளம்பில் ஏறுவது இக்காலத்தில்தான், ஏற்புவலிக்கு மிக எளிதில் ஆளாகும் விலங்குகளில் குதிரையும் ஒன்று. மூன்றாவதாக, லாயத்தின் தரையை உயர்த்தி, கூரை ஒழுக்கை அடைத்து, காற்று ஊடறுத்துச் செல்கிறதா என்று பாருங்கள்.

குளிர்நாட்டு நூல்கள் இந்த இடத்தில் நீர்புகா போர்வை வாங்கச் சொல்லும். நம் மாரியில் வெப்பநிலை பகலில் 27, 28 பாகை செல்சியஸ் அளவில் இருக்க, காற்றில் ஈரமும் நிறைந்திருக்கும். அந்த நிலையில் போர்வைக்குள் வியர்த்து அவியும் குதிரைக்குத் தோல்நோய் வராமல் இருப்பதே அதிசயம். போர்வைக்கு ஒதுக்கும் பணத்தைக் கூரைக்குச் செலவிடுங்கள். கணுக்காலில் தொங்கும் நீண்ட மயிரைக் கத்தரியால் சற்றுக் குறைக்கலாம், ஒட்ட மழிக்க வேண்டாம். சேறு தோலில் நேரடியாக உராய்வதைத் தடுப்பது அதுவே.

மாரி

இக்காலத்துக்குரிய முதல் விதி, ஈரமான குதிரையை பிரஷினால் தேய்க்கக்கூடாது என்பதாகும். சேறு கலந்த நீரைத் தேய்த்தால் மண்ணின் நுண்துகள் தோலில் உராய்ந்து கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்புகளை உண்டாக்கும். நோய்க்கிருமி உள்ளே நுழைவது அவற்றின் வழியாகத்தான். மழையில் நனைந்து வந்த குதிரையை முதலில் கூரையின் கீழ் நிறுத்துங்கள். தகட்டினால் கழுத்திலிருந்து பின்பக்கமாக நீரை வழித்தெடுத்து, துவாயினால் முதுகையும் வயிற்றின் அடியையும் ஒற்றுங்கள். கால்களில் சேறு அப்பியிருந்தால் இரண்டு வழிகளே உண்டு: ஒன்று, அது காய்ந்து உதிரும்வரை விட்டுப் பிறகு தட்டுவது, அல்லது நல்ல தண்ணீரால் கழுவி, கணுக்காலின் பின்புறக் குழிவரை முற்றாக உலர்த்துவது. கழுவி ஈரமாக விடுவது இரண்டையும்விடக் கெடுதலானது. நிலாவெளி போன்ற கரையோரங்களில் கிணற்றுநீர் சவர்த் தண்ணீராக இருந்தால், கடைசி வாளியையாவது நல்ல தண்ணீராக ஊற்றுங்கள்.

உலர்ந்த பின் கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள். விரல் நுனிகளை மயிரின் திசைக்கு எதிராக முதுகிலும் இடுப்பிலும் மெல்ல ஓட்டிக்கொண்டு போனால், நலமான தோல் வழுவழுப்பாகச் செல்லும். மழைச்சொறி தொடங்கிய தோலில் அரிசி மணியளவான முண்டுகள் தட்டுப்படும். மேலிருந்து பார்க்கையில் சில மயிர்கள் ஒன்றாக ஒட்டி நிமிர்ந்து நிற்பது மட்டுந்தான் தெரியும். அந்தக் கொத்தைப் பிடித்தால் அடிப்பொருக்கோடு சேர்ந்து வந்துவிடும். கையில் எடுத்துப் பார்த்தால் சிறுபிள்ளைகளின் வர்ணத் தூரிகை முனையைப் போலிருக்கும். அதன் அடியில் தோல் இளஞ்சிவப்பாகப் பச்சைப் புண்ணாகவும், சில வேளைகளில் மஞ்சள் அல்லது பச்சை கலந்த சீழோடும் காணப்படும். டெர்மற்றோபிலஸ் கொங்கோலென்சிஸ் என்னும் பக்டீரியாவே இதற்குக் காரணம். தொடர்ந்த ஈரமும் தோலில் ஒரு சிறு காயமும் கிடைத்தால் அது பெருகும். பூஞ்சணம் என்று எண்ணிப் பூஞ்சண மருந்தைத் தடவுவதில் பயனில்லை.

தொடக்கநிலையில் இதை வீட்டிலேயே கவனிக்கலாம். குளோரெக்சிடீன் அல்லது பொவிடோன் அயடின் கழுவு திரவத்தை, கால்நடை வைத்தியர் கூறும் செறிவில், பாதிக்கப்பட்ட இடத்தில் தடவிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். உடனே கழுவிவிட்டால் மருந்து வேலை செய்ய நேரமிராது. பலர் பயனில்லை என்று கைவிடுவதற்கு இந்த அவசரமே காரணம். ஊறி இளகிய பொருக்குகள் தாமாக வரும். இறுகி நிற்பவற்றைப் பிய்க்க வேண்டாம். அது குதிரைக்கு மிகுந்த வலி தரும், உதைத்தாலும் அதன்மேல் குற்றமில்லை. பின்னர் கழுவி, உலர்த்தி, நனையாத இடத்தில் கட்டுங்கள். மருந்தைவிட உலர்ந்த நிலையே நோயைக் குணப்படுத்துகிறது. விழுந்த பொருக்குகளைப் பொறுக்கி எரித்துவிட்டு, பிரஷ்களைக் கிருமிநீக்கியில் ஊறவைத்து, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். அரிதாக இது மனிதரையும் தொற்றும். பொருக்கு பரவினாலோ, கால் வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ கால்நடை வைத்தியரை அழைக்க வேண்டும். நலமான வளர்ந்த குதிரையின் உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை வரை இருக்கும் என்பதால், வெப்பமானி ஒன்றை லாயத்தில் வைத்திருப்பது நல்லது.

குளம்பைக் காலை, மாலை இரு வேளையும் துப்புரவாக்குங்கள். படுக்கைக்குப் போடும் வைக்கோலோ மரச்சீவலோ நனைந்திருந்தால் அன்றே அகற்றுங்கள். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் நுரையீரலையும் கெடுக்கும். இக்காலத்தில் லாயத்தைக் கழுவுகிறவர் பூட்ஸ் அணிவது அவசியம். எலியின் சிறுநீர் கலந்த தேங்குநீரால் எலிக்காய்ச்சல் பரவும் என்பதை வயலில் இறங்குகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லாயத்துத் தரையும் அதே வகையான இடந்தான்.

மாட்டிலிருந்து குதிரைக்கு வரும் ஆபத்தான அறிவுரை ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். மழைக்குப் பின் புல் தழைக்க, உண்ணியும் பெருகும். காதின் உட்புறம், பிடரியின் அடி, வாலின் கீழ், பின்னந்தொடைகளின் இடுக்கு ஆகிய இடங்களைத் தினமும் தடவிப் பார்த்து, உண்ணியைச் சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். தம்பலகாமத்திலோ கிண்ணியாவிலோ மாட்டுப்பட்டி வைத்திருக்கும் உறவினர் ஒருவர், "தம்பி, எங்கட மாட்டுக்கு அடிக்கிற மருந்தில கொஞ்சம் கலந்து ஊத்திவிடுங்கோ" என்று அன்போடு ஒரு போத்தலை நீட்டக்கூடும். அதில் அமிற்ராஸ் இருந்தால் ஒரு துளியும் குதிரைமேல் படக்கூடாது. மாட்டுக்குப் பயன்படும் அந்த மருந்து குதிரையின் குடலியக்கத்தை நிறுத்தி, உயிருக்கு ஆபத்தான வயிற்று அடைப்பை உண்டாக்கும். போத்தலின் ஒட்டுத்தாளில் குதிரைக்கு உரியது என்று எழுதப்படாத எதையும் வைத்தியரைக் கேளாமல் பயன்படுத்த வேண்டாம்.

பனியும் மயிர் உதிர்வும்

தை பிற்பகுதியில் மழை ஓய்ந்து, மாசிப் பனி தொடங்கும். பகல் உலர்ந்திருப்பதால் கவனம் தளரும். ஆனால் இரவு வெளியில் நிற்கும் குதிரையின் முதுகு விடியலில் நனைந்தேயிருக்கும், ஆகவே மழைச்சொறிச் சோதனையைப் பங்குனி வரை தொடருங்கள். இவ்வூரில் காணப்படும் சிறிதளவு மயிர் உதிர்வும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் நிகழும். இறப்பர் தேய்ப்பானைச் சற்றுக் கூடுதலான நேரம் பயன்படுத்தினால் அது எளிதாக முடிந்துவிடும்.

உதிர வேண்டிய மயிர் உதிராமல், நம் வெயிலிலும் கம்பளிபோல் நீண்டு சுருண்டு நிற்குமானால் அதை அலட்சியம் செய்யக்கூடாது. பதினைந்து வயதைக் கடந்த குதிரைகளில் இது பிற்றியூட்டரிச் சுரப்பியின் கோளாறுக்கு முக்கிய அடையாளம். மயிரைக் கத்தரித்துவிட்டால் குதிரைக்கு ஆறுதல் கிடைக்கும், ஆனால் நோய் அப்படியே இருக்கும். இரத்தப் பரிசோதனை செய்து மருந்து தொடங்குவதே வழி.

கச்சான்

வைகாசியிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து, சூடேறி நம் பக்கம் இறங்குகிறது. பகல் வெப்பம் 35 பாகையை எட்டும் இந்நாட்களில் பராமரிப்பின் மையம் வியர்வையாகும். குதிரையின் வியர்வை நம்முடையதைவிட உப்பு மிகுந்தது. லதெரின் என்னும் புரதமும் அதில் இருப்பதால், சேணத்தின் அடியிலும் தொடை இடுக்கிலும் நுரை தள்ளும். அது காய்ந்து உப்புப் படிந்த தோலின்மேல் மறுநாள் சேணத்தைக் கட்டினால், ஒரே சவாரியில் புண்ணாகிவிடும். எனவே ஒவ்வொரு வேலைக்குப் பின்னரும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கடலில் குளிப்பாட்டிக் கொண்டு வந்த குதிரைக்கும் இதே விதிதான். கடல்நீர் குளம்புக்கும் தோலுக்கும் மருந்து என்று உப்போடு காயவிடுவது அரிப்பைத்தான் கொடுக்கும்.

வியர்த்த உடம்பில் தண்ணீர் ஊற்றினால் சன்னி வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். குதிரையைப் பொறுத்தவரை அது தவறு. வேலை முடித்து மூச்சிரைத்து நிற்கும் குதிரையை நிழலில், காற்று வீசும் இடத்தில் நிறுத்தி, உடல் முழுவதும் தொடர்ந்து தண்ணீர் ஊற்றுவதே அதன் வெப்பத்தைத் தணிக்கும் மிக விரைவான வழி. இடையில் வழித்தெடுத்து நேரத்தைப் போக்க வேண்டாம். மூச்சு சீரான பிறகு ஒருமுறை வழித்தால் போதும். அதோடு குடிக்க நீரும், நக்குவதற்கு உப்புக்கட்டியும் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

விடியலிலும் அந்தியிலும் பறக்கும் நுண்ணிய கொசுவினக் கடியால் சில குதிரைகளுக்குக் கடும் ஒவ்வாமை உண்டாகும். பிடரியும் வாலடியும் உரோமமிழந்து, தடித்து, இரத்தம் கசியும்வரை அவை தூணில் உரசிக்கொண்டே நிற்கும். இப்பூச்சிகளால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. ஆகவே அந்நேரங்களில் லாயத்தில் மின்விசிறி ஓடுவதே முதல் மருந்து. வேப்பெண்ணெயை வேறோர் எண்ணெயில் நன்கு கலந்து, முதலில் ஒரு சிறு இடத்தில் தடவி, ஒரு நாள் பார்த்த பின் பயன்படுத்தலாம். மாட்டுப்பட்டியில் இடுவதுபோல் வேப்பிலைப் புகையை மூடிய லாயத்தில் போடுவது வேண்டாம். குதிரையின் நுரையீரல் புகையைத் தாங்காது. உரசிப் புண்ணான இடத்தைத் தினம் கழுவி ஈ மொய்க்காமல் பாருங்கள். இங்கு புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைப்பதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. வெண்மூக்குக் குதிரைகளுக்கு நண்பகலில் நிழலும், மூக்கில் துத்தநாகக் களிம்பும் தேவை.

கச்சான் நீளும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். சேணத்தைக் கழற்றும்போது வழக்கமாக நனைந்திருக்கும் முதுகு உலர்ந்திருந்தால் பலர் மகிழ்ச்சியடைவார்கள், கழுவும் வேலை மிச்சம் என்று. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில் சில குதிரைகள் வியர்க்கும் திறனையே இழந்துவிடுகின்றன. தோல் வறண்டு பொடுகு பறக்கும், நெற்றிமயிர் மெலியும், ஓய்விலும் மூக்குத் துவாரங்கள் விரிந்து மூச்சு வேகமாக ஓடும். நலமான குதிரை ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16 தடவையே மூச்சுவிடும். நிழலில் அரை மணி நேரம் நின்ற பின்னும் அதைவிட மிகக் கூடுதலாக இருந்தால் வேலையை நிறுத்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கால்நடை வைத்தியரை அழையுங்கள். அவர் வரும்வரை வாளியைக் கீழே வைக்க வேண்டாம்.